அண்ணாச்சி நோட்டில் அடுத்தவர் கணக்கு

"அண்ணே, திரும்பவும் போச்சு" என்று சேலையூரிலிருந்து நண்பர் கூப்பிட்டபோது எது போச்சு என்று நான் கேட்கவில்லை. கல்யாண வீடியோ எடிட் செய்பவர். ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கி வாங்கிவந்து தானே அசெம்பிள் செய்த சிஸ்டம் அவருடையது. மூன்று மாதமாக ஒரே புகார்: ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸில் போட்டுவைத்த செட்டிங்ஸ் திடீர் திடீரென்று அழிந்துவிடுகிறது. கம்ப்யூட்டரை ஆன் செய்தால் எஃப்1 அழுத்தச் சொல்லி ஒரு வரி வந்து நிற்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ரேமின் வேகம் குறைந்திருக்கும், பூட் ஆகும் வரிசை மாறியிருக்கும், மின்விசிறி வேகம்கூடப் பழையபடி ஆகியிருக்கும். யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு தடவை பேட்டரி மாற்றியாயிற்று.

"டைம் சரியா காட்டுதா?" என்றேன்.

"டைம் கரெக்டாதான் இருக்கு. அதுக்கென்ன?"

"அப்போ பேட்டரி மேல பழி போடாதீங்க."

கடிகாரம் சரியாக இருக்கிறதா என்ற இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல்தான் ஊரில் பாதிப் பேர் பேட்டரியை மாற்றுகிறார்கள். மீதிப் பேர் மதர்போர்டையே மாற்றிவிடுகிறார்கள்.

மதர்போர்டில் வட்டமாக, பழைய எட்டணா மாதிரி ஒரு பேட்டரி செருகியிருக்கும். சிஆர்2032 என்று பெயர். 20 என்பது விட்டம், மில்லிமீட்டரில்; 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். 3 வோல்ட் கொடுக்கும். இது உயிர் கொடுப்பது இரண்டு சமாச்சாரங்களுக்கு. ஒன்று, கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் ஓடும் கடிகாரம். இன்னொன்று, அந்தக் கடிகாரத்தோடு ஒட்டிப் பிறந்த ஒரு துளி நினைவகம். அதைத்தான் சிமாஸ் என்கிறோம்.

1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இந்தப் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் இன்று என்ன தேதி, இப்போது மணி என்ன என்று டாஸ் கேட்கும், நாம் தட்டவேண்டும். 1984இல் வந்த பிசி ஏடியில்தான் மோட்டோரோலாவின் கடிகாரச் சில்லு ஒன்றைப் பேட்டரியோடு வைத்தார்கள். அதில் 64 பைட் நினைவகம் இருந்தது. 14 பைட் கடிகாரத்துக்கு. மிச்சம் 50 பைட்டில் எந்த ஹார்ட் டிஸ்க், எவ்வளவு ரேம் என்பது போன்ற குறிப்புகள். பிறகு 128 ஆனது, அப்புறம் இன்னொரு 128 சேர்ந்து 256 ஆனது. 40 வருடம் கழித்தும் இன்றைய போர்டுகளில் இந்த ஏற்பாடு அப்படியே தொடர்கிறது. 70, 71 என்ற அதே பழைய வாசல் எண்கள் வழியாக இன்றும் அதற்குள் போகலாம். இப்போது செட்டிங்ஸின் பெரும்பகுதி தனியாக ஒரு ஃபிளாஷ் சில்லில் போய்விட்டது என்பது உண்மை. ஆனாலும் பல போர்டுகள் இந்தச் சின்ன நினைவகத்தை ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் மேலே போகும். கணக்கு இடித்தால், போட்டதெல்லாம் தள்ளுபடி.

எப்படிச் சரிபார்க்கும்? நம் தெருமுனை அண்ணாச்சி கடை நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கம் பக்கமாகக் கடன் கணக்கு, ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் கூட்டுத்தொகை. காலையில் கடை திறந்ததும் அண்ணாச்சி ஒருமுறை கூட்டிப் பார்க்கிறார். தொகை ஒத்துப்போனால் வியாபாரம் தொடங்கும். ஒத்துப்போகாவிட்டால் நோட்டில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அண்ணாச்சியாவது எந்த வரியில் தப்பு என்று தேடுவார். பயாஸுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மொத்தப் பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும். இந்தக் கூட்டுத்தொகைக்குப் பெயர் செக்சம். "சிமாஸ் செக்சம் தப்பு" என்று திரையில் வருவது இதுதான்.

பேட்டரி செத்துப்போனால் நோட்டே காலியாகிவிடும்; கடிகாரமும் நின்றுவிடும். தேதி போர்டு தயாரான வருடத்துக்கோ அதற்கும் முன்னாலோ போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் வரும் முதல் தொல்லையை யாரும் பேட்டரியோடு முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை: பேங்க் தளம் திறக்காது, ஜிஎஸ்டி தளம் திறக்காது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒரு தேதியில் நம் கம்ப்யூட்டர் நின்றுகொண்டிருந்தால் பிரவுசர் உள்ளே விடாது. 'நெட் சரியில்லை' என்று இணைப்பு கொடுத்தவரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

நம் வீடுகளில் இந்தப் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோக ஒரு காரணம் உண்டு. வேலை முடிந்ததும் சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணைக்காமல் வந்தால் அம்மா விடுவாரா? சுவர் ஸ்விட்ச் ஆனில் இருக்கும்வரை கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் சன்னமாக ஒரு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். கடிகாரம் அதைக் குடித்து ஓடும், பேட்டரி சும்மா இருக்கும். சுவரில் அணைத்த நிமிடத்திலிருந்து கடிகாரத்தின் முழுச் சுமையும் பேட்டரி தலையில். அதற்காக அம்மாவிடம் சண்டை போட வேண்டாம். இடிமழைக்கு அணைத்துவைப்பதுதான் போர்டுக்குப் பாதுகாப்பு. பேட்டரி விலை இரண்டு டீக்குள் அடங்கும். மல்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள்: 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நல்ல பேட்டரி, 2.7 அளவுக்கு இறங்கியிருந்தால் மாற்றிவிடலாம். கழற்றிய பழையதை மேஜைமேல் போட்டுவைக்காதீர்கள். சின்னக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும், உயிருக்கே ஆபத்து.

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த வீடுகள் அங்கே ஏராளம். நனைந்து காய்ந்த போர்டு ஓடினாலும், பேட்டரி குழியைச் சுற்றிப் படிந்த சேறும் உப்பும் மின்சாரத்தைக் கசியவிடலாம். புதுப் பேட்டரி சில வாரங்களில் தீர்ந்துபோனால் அந்த இடத்தைச் சுத்தம் செய்வதுதான் வைத்தியம்.

இனி, கடிகாரம் தப்பாக இருந்தும் பேட்டரி நன்றாக இருக்கும் ஒரு வேடிக்கை. ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கும் கல்லூரிப் பையன்கள் "டைம் போயிடுது சார்" என்பார்கள். எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் சிரித்துக்கொள்ளலாம். போர்டுக் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நம்புகிறது. லினக்ஸும் மேக்கும் அது கிரீன்விச் நேரம் என்று நம்புகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதெல்லாம் ஐந்தரை மணி முன்னே பின்னே போகும். இரண்டில் ஒன்றின் நம்பிக்கையை மாற்றினால் போதும். உள்ளூர் நேரத்தையே எடுத்துக்கொள்ளச் சொல்ல லினக்ஸில் ஒரே கட்டளை இருக்கிறது.

அடுத்தது, கடிகாரம் சரியாக இருந்தும் செட்டிங்ஸ் போவது. இதில் இரண்டு ஜாதி உண்டு: போர்டே அழித்துவிடுவது ஒன்று, வேறு யாரோ எழுதிக் கெடுப்பது இன்னொன்று. முதலில் போர்டு.

3200 வேகம் என்று எழுதி விற்கும் ரேமை வாங்கி மாட்டினால் அது பெரும்பாலும் தானாக 3200இல் ஓடாது. 2133, 2400 என்று மெதுவாகத்தான் ஓடும். பயாஸில் எக்ஸ்எம்பி என்ற தேர்வை ஆன் செய்தால்தான் சொன்ன வேகம் வரும். அந்த வேகத்தில் ரேம் தடுமாறினால், போர்டு சில தடவை முயன்று பார்த்துவிட்டு, வம்பு வேண்டாம் என்று எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய்விடும். இது போர்டின் தற்காப்பு, கோளாறு இல்லை. நம் புறநகரில் கரண்ட் போய், உடனே வந்து, மறுபடி போய் விளையாடும் சாயங்காலங்கள் உண்டே, அப்போதும் இது நடக்கும். பூட் ஆகும்போதே இரண்டு மூன்று தடவை மின்சாரம் அறுந்தால், தன் செட்டிங்ஸில்தான் ஏதோ தப்பு என்று சில போர்டுகள் முடிவுகட்டிவிடுகின்றன. ஒரு யுபிஎஸ் வைத்தால் தீர்ந்துபோகும் வியாதி.

நண்பரிடம் யுபிஎஸ் இருந்தது. எக்ஸ்எம்பியை அணைத்துப் பார்த்தும் பயனில்லை. எனவே நோட்டில் வேறு யாரோ எழுதுகிறார்கள். யார் என்பதற்கும் அவர் பேச்சிலேயே துப்பு இருந்தது. "விண்டோஸ்ல போய்ட்டு ரீஸ்டார்ட் பண்ணா ஒண்ணும் ஆகல. மேக்ல போய்ட்டு வந்தாதான்."

ஆமாம், அவர் சிஸ்டத்தில் ஆப்பிளின் மேக்ஓஎஸ்ஸும் இருந்தது. ஃபைனல் கட் என்ற எடிட்டிங் மென்பொருள் விண்டோஸில் ஓடாது; மேக் வாங்கக் காசில்லாத எடிட்டர்கள் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் மேக்ஓஎஸ்ஸை ஏற்றுவது உலகம் முழுக்க நடக்கிற வேலை. ஹாக்கின்டாஷ் என்று பெயர். ஆப்பிளின் உரிமம் இதை அனுமதிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிள் பெயர் பொறித்த கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஏற்றலாம் என்பது ஒப்பந்தம். சைஸ்டார் என்ற அமெரிக்க நிறுவனம் இப்படிச் செய்து விற்கவே தொடங்கியது. 2008இல் ஆப்பிள் வழக்குப் போட்டு 2009இல் ஜெயித்தது.

சட்டத்தை விட்டு நோட்டுக்கு வருவோம். கடிகாரத்தைக் கவனித்துக்கொள்ள மேக்ஓஎஸ்ஸில் ஆப்பிள்ஆர்டிசி என்று ஒரு டிரைவர், அதாவது போர்டில் இருக்கும் பாகத்தோடு பேசும் நிரல், உண்டு. அது கடிகாரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை, பக்கத்து நினைவகத்திலும் எழுதும். அதற்கென்று ஒரு செக்சம் வைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் ஆழ்ந்து தூங்கும்போது, அதை எழுப்பத் தேவையான சாவியையும் அங்கேதான் வைக்கும். அசல் மேக்கில் இதனால் ஒரு பிரச்சினையும் இல்லை. அங்கே நோட்டும் ஆப்பிளுடையது, எழுதுகிற கையும் ஆப்பிளுடையது. எந்த வரி யாருக்கு என்று வீட்டுக்குள்ளேயே பேசி வைத்திருக்கிறார்கள். நம் போர்டிலோ, அதே வரியில் போர்டு தயாரித்தவர் தன் கணக்கை எழுதியிருக்கிறார். டிரைவர் நல்லெண்ணத்தோடு அதன்மேல் தன் தொகையை எழுதுகிறது. ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸ் கூட்டிப் பார்க்கிறது, இடிக்கிறது, பக்கம் கிழிகிறது. கடிகாரத்தின் வரிகளை யாரும் தொடாததால் மணி மட்டும் சரியாக இருக்கிறது.

இதற்கு வைத்தியம் செய்த வழிகளை வரிசையாகப் பார்த்தால், டிரைவருக்கு ஒட்டுப்போடுவது என்றால் என்னவென்று புரியும்.

2009இல் மேக்ஓஎஸ்ஸின் ஸ்னோ லெப்பர்ட் பதிப்பு வந்த காலத்தில், ஒரு கூட்டம் டிரைவர் ஃபைலையே திறந்து, எழுதச் சொல்லும் கட்டளைகளை 'சும்மா இரு' என்று மாற்றி, திரும்ப அதே இடத்தில் வைத்தது. வேலை செய்தது, ஆப்பிளிலிருந்து அடுத்த அப்டேட் வரும்வரை. அப்டேட் புது டிரைவரைக் கொண்டுவந்து பழையதன் மேல் வைத்துவிடும். மறுநாள் காலை எஃப்1.

இன்னொரு கூட்டம் டிரைவரைத் தொடவில்லை. போர்டு, தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று ஓஎஸ்ஸுக்கு ஒரு பட்டியல் கொடுக்கும். அதில் கடிகாரத்துக்கு 70இல் தொடங்கி 8 வாசல்கள் என்று இருந்ததை, 2 வாசல்கள் என்று திருத்தினார்கள். இருப்பதே இரண்டு வாசல் என்று நம்பிய டிரைவர் மேல்பாதி நினைவகத்தின் பக்கமே போகவில்லை. ஒரே ஓர் எண்ணை மாற்றியதில் பல போர்டுகள் குணமாயின. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். ஆளை அடிக்காமல், அவர் கையிலிருக்கும் முகவரியை மாற்றிக் கொடுப்பது போல.

இன்று நடப்பது மூன்றாவது வழி. ஓஎஸ்ஸை ஏற்றிவிடும் ஓப்பன்கோர் என்ற பூட்லோடர் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும், டிஸ்க்கில் இருக்கும் டிரைவரைத் தொடாமல், ரேமில் ஏறிய பிரதியில் மட்டும் திருத்தம் செய்யும். அப்டேட் வந்தாலும் கவலையில்லை. ஒட்டு டிரைவரில் இல்லை, பூட்லோடரில் இருக்கிறது. அதன் அமைப்பு ஃபைலில், கடிகாரச் செக்சத்தை எழுதாதே என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை 'ஆம்' என்று மாற்றினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் ஆர்டிசி மெமரி ஃபிக்ஸப் என்ற சின்ன இணைப்பு. அது டிரைவருக்கும் நினைவகத்துக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, நாம் குறித்துக் கொடுத்த இடங்களில் டிரைவர் எழுத வந்தால் வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். கேட்டால் திருப்பிக் கொடுக்கும். அண்ணாச்சி நோட்டுக்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவது போல. டிரைவருக்கு வித்தியாசம் தெரியாது.

எந்த இடங்களைக் குறித்துக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. நண்பர் அவசரத்தில் முன்பே செக்சம் தேர்வை மாற்றியிருந்தார், ஆனால் தப்பான பென்டிரைவில் இருந்த ஃபைலில். எனக்கு அது அப்போது தெரியாது. எனவே முழுத் தேடலில் இறங்கினோம்.

பயாஸில் பார்த்தவுடன் தெரிகிற மாதிரி ஒரு மாற்றம் வைத்தோம்: ஆன் செய்யும்போது வரும் கம்பெனி லோகோ வரக்கூடாது. லோகோ வந்தால் செட்டிங்ஸ் போயிற்று என்று அர்த்தம். முதலில் 0 முதல் 255 வரை மொத்த இடத்தையும் தடுத்துவிட்டு மேக்குக்குள் போய் ரீஸ்டார்ட் செய்தோம். லோகோ வரவில்லை. குற்றவாளி இந்த டிரைவர்தான் என்று ஊர்ஜிதமாயிற்று. அப்படியே விட்டுவிடலாமே என்றார் நண்பர். விடலாம், ஆனால் தூங்கி எழும் சாவியும் சேர்ந்து தடைபடும், பிறகு வேறு ஒப்பாரி. எனவே பாதி பாதியாக வெட்டினோம். 0 முதல் 127 வரை தடுத்தால் லோகோ இல்லை. அப்படியானால் ஆள் கீழ்ப்பாதியில். 0 முதல் 63 வரை மட்டும் தடுத்தபோது லோகோ வந்துவிட்டது. ஆகவே 64க்கு மேல். 64–95: இல்லை. 64–79: வந்தது. 80–87: வந்தது. 88–91: இல்லை. எட்டாவது தடவை 88, 89 இரண்டை மட்டும் தடுத்தோம். லோகோ இல்லை.

256 இடங்கள், எட்டே முயற்சி. ஒவ்வொன்றாகத் தேடியிருந்தால் விடிந்திருக்கும். நண்பரின் அம்மா இரண்டு தடவை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னுமா ஆன் பண்ணி ஆன் பண்ணி அணைச்சுட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கம்ப்யூட்டர்காரர்கள் பதினாறை அடியாக வைத்து எண்ணுவார்கள். அவர்கள் கணக்கில் 88, 89 என்பது 58, 59. அமைப்பு ஃபைலிலும் அப்படித்தான் எழுதவேண்டும். அதை மறந்து 88 என்றே எழுதினால் வேறு இடம் மாட்டும். டிரைவர் தன் செக்சத்தை எழுதும் இடம் அந்த இரண்டேதான். அதாவது செக்சம் தேர்வு ஒன்றே போதுமாயிருந்தது. சரியான பென்டிரைவில் அதை மாற்றிவிட்டு இணைப்பைக் கழற்றினோம். நான் கொஞ்சம் அசடு வழிந்தேன்.

ஹாக்கின்டாஷ் இல்லாதவர்களுக்கு இந்தக் கதை எதற்கு என்றால், டிரைவர் அத்துமீறுவது அங்கே மட்டும் நடப்பதில்லை. 2017 அக்டோபரில் வெளியான உபுண்டு 17.10 என்ற லினக்ஸ் பதிப்பை டிசம்பரில் பதிவிறக்கப் பக்கத்திலிருந்து எடுக்கவேண்டி வந்தது. அதில் பயாஸ் இருக்கும் ஃபிளாஷ் சில்லைத் தொடும் இன்டெல் டிரைவர் ஒன்று இயக்கத்தில் இருந்தது. லெனோவோ உட்படச் சில லேப்டாப்களில் அதற்குப் பிறகு பயாஸில் என்ன மாற்றினாலும் சேமிக்க முடியாமல் போயிற்று. சிலருக்குப் பென்டிரைவிலிருந்து பூட் செய்யவே வழியில்லை. அந்த டிரைவரை நீக்கி, லினக்ஸின் மையமான கெர்னலைத் திருத்தி வெளியிட்டார்கள். 2018 ஜனவரியில் திருத்திய பதிப்பு வெளியானது. அதற்கு முன் 2013இல், லினக்ஸை, பயாஸின் புது அவதாரமான யுஇஎஃப்ஐ முறையில் ஏற்றிய சில சாம்சங் லேப்டாப்கள் ஆன் ஆகாமலே போயின. ஆரம்பத்தில் லினக்ஸின் டிரைவரைத்தான் குற்றம் சொன்னார்கள். பயாஸின் சேமிப்பு இடம் ஓரளவுக்கு மேல் நிரம்பினாலே அந்த மாடல்கள் படுத்துவிடுகின்றன, விண்டோஸிலிருந்தும் அதைச் செய்யலாம் என்று மேத்யூ காரெட் என்ற கெர்னல் நிரலர் காட்டியபோதுதான் பழி சரியான இடத்துக்குப் போனது.

லினக்ஸ் கெர்னலில் வேண்டுமென்றே கடிகாரத்தைக் கெடுக்கும் வசதிகூட ஒன்று உண்டு. தூக்கத்திலிருந்து எழாமல் தொங்கும் கம்ப்யூட்டரில், எந்த டிரைவரில் நின்றது என்ற குறிப்பைக் கடிகாரத்துக்குள்ளேயே எழுதிவைக்கும். வேறு எதுவும் ரீபூட்டைத் தாண்டிப் பிழைக்காது என்பதால் அந்த ஏற்பாடு. சோதனைக்குப் பிறகு தேதி எந்த நூற்றாண்டில் நின்றாலும் பேட்டரியைச் சந்தேகிக்காதீர்கள்.

செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸை ஒரு புரொஃபைலாகப் பென்டிரைவில் சேமிக்கும் வசதி பல போர்டுகளில் உண்டு, அதையும் செய்துவிடுங்கள். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். செட்டிங்ஸ் போய்வந்தால் அது சாவி கேட்கலாம். சாவி இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் அத்தனை முகூர்த்தமும் பூட்டுக்குள்தான்.

ஹாக்கின்டாஷுக்கு இனி அதிக நாள் இல்லை. இன்டெல் மேக்குகளுக்கு வரும் கடைசிப் பதிப்பு டாஹோதான் என்று 2025இல் ஆப்பிள் அறிவித்துவிட்டது. நண்பருக்கும் தெரியும், மேக் மினிக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார். அதுவரை ஓடவேண்டுமே என்று, கேபினட்டின் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் '58–59' என்று எழுதி, கீழே பேட்டரி மாற்றிய தேதியையும் போட்டு வைத்திருக்கிறார். போன மாதம் மூடியைத் திறந்து தூசி தட்ட வந்த பையன், அது ஏதோ பஸ் நம்பர் என்று நினைத்துக்கொண்டானாம்.